பதினான்கு குழிகளும் எழுபது முத்துகளும்



வளைகுடா நாட்டில் பிறந்து அங்கேயே படிக்கும் என் பேத்தி, சென்ற விடுமுறைக்கு எங்கள் ஊருக்கு வந்திருந்தாள். மழை விடாத ஒரு பிற்பகல். கைத்தொலைபேசியில் மின்னூட்டம் தீர்ந்துவிட்டது. வீட்டில் மின்சாரமும் இல்லை. பொழுது போகாமல் பரணில் ஏறிக் குடைந்துகொண்டிருந்தவள், தூசி படிந்த ஒரு மரப்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு வரிசைகளில் குழி குழியாகக் குடைந்த பலகை.

"தாத்தா, இது முட்டை வைக்கிற தட்டா?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே நெஞ்சில் ஏதோ தைத்தது போலவும் இருந்தது. என் ஆச்சிக்குச் சீராக வந்த பல்லாங்குழிப் பலகை அது. நான்கு தலைமுறைப் பிள்ளைகளின் விரல் பட்டுக் குழிகள் வழுவழுப்பாகிக் கிடந்தன. ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைக்கு அது முட்டைத் தட்டு. குற்றம் அவளுடையதன்று. சொல்லிக் கொடுக்க வேண்டிய நாங்கள் சொல்லாமல் விட்டோம்.

அன்று மாலை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததையும், சொல்லிக்கொடுக்கப் புகுந்தபோது எனக்கே மறந்துபோயிருந்ததையும், பின்னர் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் இக்கட்டுரையில் எழுதுகிறேன். தமிழகத்துக்கு வெளியே பிள்ளை வளர்க்கும் நம் குடும்பங்களுக்கு இது ஒரு சிறு பாடமாகப் பயன்படும் என்று நம்புகிறேன்.

எல்லையோரத்து வீடு

எங்கள் ஊர் பாறசாலைக்கும் பூவாருக்கும் இடைப்பட்ட கிராமங்களில் ஒன்று. அகத்தியமலைப் பகுதியில் பிறக்கும் நெய்யாறு, நெய்யாற்றின்கரையைக் கடந்து பூவாரில்தான் கடலோடு சேர்கிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டு இருக்கும். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் திட்டு உடைந்து முகம் திறக்கும். இதைப் 'பொழி' என்பார்கள். பக்கத்து ஊரான பொழியூரின் பெயரிலும் அந்தச் சொல்லே இருக்கிறது. பொழியூரைத் தாண்டினால் கொல்லங்கோடு. அது தமிழ்நாடு.

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டபோது அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அப்போது எனக்கு மூன்று வயது. என் ஆச்சி பிறந்த வீடு கொல்லங்கோட்டுப் பக்கம்; வாழ்க்கைப்பட்ட வீடு இந்தப் பக்கம். நடந்தே போய்வரும் தொலைவுதான். ஆனாலும் ஒரே நாளில் பிறந்த வீடு ஒரு மாநிலமும் புகுந்த வீடு வேறொரு மாநிலமும் ஆகிவிட்டன.

நாங்கள் பள்ளியில் மலையாளம் படித்தோம். வீட்டில் தமிழ் பேசினோம். எனக்குத் தமிழ் எழுத்து வாசிக்கக் கற்றுத் தந்தவர் தந்தையார். தமிழில் எண்ணக் கற்றுத் தந்தவர் ஆச்சி. அதற்கு அவர் வைத்திருந்த பாடநூல் இந்தப் பலகைதான்.

பெயரும் பொருளும்

பல்லாங்குழிக்குப் பல்லாங்குழி, பன்னாங்குழி, பாண்டி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். பதினான்கு குழிகள் கொண்டதால் 'பதினான்குகுழி' என்பது மருவிப் பன்னாங்குழி, பல்லாங்குழி என்று ஆயிற்று என்பர். மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். இந்த ஆட்டத்தின் பல வகைகளும் அதில் இடம் பெற்றுள்ளன. மொழி ஆராய்ச்சியில் மூழ்கியிருந்த ஓர் அறிஞர் பிள்ளைகளின் ஆட்டத்துக்காக ஒரு நூல் எழுத நேரம் ஒதுக்கினார் என்றால், அதன் மதிப்பை நாம் உணர வேண்டும்.

கன்னடத்தில் இதனை 'அளிகுளி மணெ' என்றும், துளுவில் 'சென்னெ மணெ' என்றும், தெலுங்கில் 'வாமன குண்டலு' என்றும் வழங்குவர். ஆக, இது தென்னாடு முழுமைக்கும் பொதுவான ஆட்டம்.

எங்கள் வீட்டுப் பலகை அயனி மரத்தில் செய்தது. மலையாளத்தில் இதனை ஆஞ்ஞிலி என்பார்கள். பலாவுக்கு உறவான மரம். தண்ணீரில் எளிதில் கெடாது. கேரளத்துப் பாம்புப் படகுகளை இம்மரத்தில்தான் செய்கிறார்கள். செல்வர் வீடுகளில் மீன் வடிவிலும், இரண்டாக மடங்கிப் பெட்டி போல் மூடும் வடிவிலும் பலகைகள் இருந்தன. பித்தளையில் வார்த்தவையும் உண்டு. ஒன்றும் இல்லாதவர்களுக்கு மண் தரையே பலகை. கட்டை விரலால் பதினான்கு குழி தோண்டினால் போதும்.

குழியில் இடும் காய்களை எங்கள் பக்கம் 'முத்து' என்போம். பெரும்பாலும் புளியமுத்துதான், அதாவது புளியங்கொட்டை. கடற்கரை வீடுகளில் சோழி வைத்து ஆடுவார்கள். மஞ்சாடி மரத்தின் சிவந்த விதைகளும் உண்டு. குருவாயூர்க் கோயிலில் உருளி நிறைய இட்டு வைத்துக் குழந்தைகளைக் கை விட்டு அளையச் செய்வார்களே, அந்த மஞ்சாடிக்குரு. ஓர் எச்சரிக்கை: கருப்புக் கண் கொண்ட குன்றிமணியைச் சிறு பிள்ளைகள் கையில் தராதீர்கள். கடித்து உடைத்து விழுங்கினால் அது கொடிய நஞ்சு.

ஆடும் முறை

ஊருக்கு ஊர் விதிகள் வேறுபடும். எங்கள் வீட்டு முறையை எழுதுகிறேன்.

இருவர் எதிரெதிரே அமர வேண்டும். ஆளுக்கு ஏழு குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஐந்து முத்துகள். ஆக மொத்தம் எழுபது.

முதலில் ஆடுபவர் தம் பக்கத்துக் குழி ஒன்றில் உள்ள முத்துகள் அனைத்தையும் அள்ளி, வலப்பக்கமாக, குழிக்கு ஒன்றாக இட்டுக்கொண்டே போக வேண்டும். தம் வரிசை முடிந்தால் எதிராளியின் வரிசையில் சுற்றி வர வேண்டும். கையில் உள்ளது தீர்ந்ததும், அடுத்த குழியில் இருப்பதை அள்ளி ஆட்டத்தைத் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதனைத் துடைப்பது போல் விரலால் வழித்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். அது அவருடைய வெற்றிப் பொருள். அத்துடன் அவர் முறை முடிந்தது. இரண்டு குழிகள் தொடர்ந்து வெறுமையாக இருந்தால் ஒன்றும் கிடைக்காது.

ஆட்டத்தின் நடுவே ஒரு குழியில் ஒவ்வொன்றாக விழுந்து நான்கு முத்து சேர்ந்தால் அதற்குப் 'பசு' என்று பெயர். அந்தக் குழி யார் பக்கத்தில் இருக்கிறதோ அவர் உடனே அதை எடுத்துக்கொள்ளலாம். யார் ஆடிக்கொண்டிருந்தாலும் சரி. ஆகவே எதிராளி ஆடும்போதும் கண் இமைக்காமல் பார்த்திருக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால், அந்தக் குழியில் ஐந்தாவது முத்து விழுந்ததும் பசு போய்விடும். "பசு ஓடிப்போச்சு மக்கா!" என்று ஆச்சி சிரிப்பார்.

ஒரு பக்கத்தில் ஆட முத்து இல்லாமல் போனால் அந்தச் சுற்று முடியும். எஞ்சியிருப்பவை அந்தந்தப் பக்கத்தாருக்கே சேரும்.

முதல் ஆட்டத்தின் கணக்கு

பேத்தியை உட்கார வைத்து முத்துகளை நிரப்பியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் குழியிலிருந்து ஆரம்பித்தால் நிறையக் கிடைக்கும்?" என்பதுதான். சிறுவயதில் நானும் இதையே கேட்டிருக்கிறேன். அதற்கு ஆச்சி, "மக்கா, முத்தைப் பார்க்காதே, குழியைப் பாரு" என்று மட்டும் சொல்வார். அதன் பொருள் எனக்கு விளங்க அறுபது ஆண்டுகள் ஆயின.

தாளில் எழுதிப் பாருங்கள். குழிகளுக்கு 1 முதல் 14 வரை எண் கொடுங்கள். முதல் குழியின் ஐந்தை அள்ளி இட்டால் ஆறாம் குழியில் தீரும். அடுத்து ஏழாம் குழியை அள்ளுகிறோம்; அது பன்னிரண்டில் தீரும். அடுத்து பதின்மூன்று, அது சுற்றி வந்து நான்காம் குழியில் தீரும். அடுத்து ஐந்தாம் குழி. அதில் இப்போது ஆறு முத்து. அது பதினொன்றில் தீரும். அடுத்து பன்னிரண்டு, அதிலும் ஆறு, அது மீண்டும் நான்கில் தீரும். இப்போது ஐந்தாம் குழி வெறுமை. அதை வழித்துவிட்டு ஆறாம் குழியைப் பார்த்தால் ஏழு முத்து. முதல் ஆட்டத்தின் வருவாய் ஏழு.

எல்லாக் குழிகளிலும் சமமாக ஐந்து இருப்பதால், எந்தக் குழியில் தொடங்கினாலும் இதே கணக்குத்தான். தொடங்கிய குழியோடு சேர்த்து எண்ணினால் ஆறாவது குழியில் ஏழு முத்து காத்திருக்கும். அப்படியானால் தொடங்கும் குழியில் வேறுபாடே இல்லையா? இருக்கிறது. நம் வரிசையின் முதல் இரண்டு குழிகளில் தொடங்கினால் அந்த ஏழும் நம் பக்கத்துக் குழியிலிருந்தே வரும். மூன்றாம் குழியிலோ அதற்கு அப்பாலோ தொடங்கினால் எதிராளியின் பக்கத்திலிருந்து வரும். கிடைப்பது ஏழுதான். யாருடைய ஏழு என்பதில்தான் சூட்சுமம். ஆச்சி சொன்ன 'குழியைப் பாரு' இதுதான்.

எழுத்தறியாத என் ஆச்சி இதைத் தாளில் எழுதிப் பார்த்தவரல்லர். ஆனால் நான் முதல் முத்தை இடும்போதே அவர் பார்வை ஆறாவது குழியில் இருக்கும்.

கஞ்சியும் கடனும்

சுற்று முடிந்ததும் அவரவர் முத்துகளைக் குழிக்கு ஐந்தாக மீண்டும் நிரப்ப வேண்டும். ஒருவரிடம் நாற்பதும் மற்றவரிடம் முப்பதும் இருந்தால், முப்பது உள்ளவருக்கு ஆறு குழிகள்தான் நிரம்பும். நிரம்பாத குழியில் ஒரு துரும்பைக் குறுக்கே வைத்து மூடிவிடுவோம். அடுத்த சுற்றில் அந்தக் குழி ஆட்டத்தில் இல்லை. தோற்கத் தோற்கக் குழிகள் மூடும். கடைசியில் ஐந்து முத்துகூட இல்லாத நிலை வந்தால், குழிக்கு ஒன்றாக வைத்து ஆடலாம். இதற்குக் 'கஞ்சி' என்று பெயர். சோறு இல்லாதவனுக்குக் கஞ்சி!

இந்த இடத்தில் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன் பல்லாங்குழியைப் பற்றிய தம் கட்டுரையில், இந்த ஆட்டத்தைத் தனிச்சொத்துரிமையோடு இணைத்து விளக்கியிருக்கிறார். ஆட்டம் தொடங்கும்போது எல்லோருக்கும் எல்லாம் சமம். ஆட ஆட ஒருவர் பக்கம் குவிகிறது. மற்றவர் பக்கம் குழிகள் மூடுகின்றன. இழந்தவர் இன்னும் குறைந்த குழிகளோடு ஆட வேண்டும் என்பதால் மீண்டும் இழக்கவே வாய்ப்பு மிகுதி. உலகத்தின் நடப்பும் இதுதானே?

என் அனுபவத்தில் இதற்கு ஒரு பின்னிணைப்பு உண்டு. என் பெரியப்பா மகள் கை தேர்ந்த ஆட்டக்காரி. அவளிடம் தோற்றுத் தோற்றுக் கஞ்சிக்கு வந்து, பலகையைத் தட்டிவிட்டு அழுதுகொண்டு எழுந்துபோவது என் வழக்கம். ஒரு நாள் ஆச்சி என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். தம் மடியிலிருந்து ஐந்து புளியமுத்து எடுத்து ஒரு குழியில் வைத்து, "கடன். அடுத்த ஆட்டத்தில் திருப்பித் தரணும்" என்றார். பெரியப்பா மகளிடம், "எதிரே ஆள் இல்லேன்னா உனக்கு ஏது ஆட்டம்?" என்று கேட்டார். அவள் முகம் சுளித்தாலும் ஒப்புக்கொண்டாள். ஆட்டம் தொடர்ந்தது.

அந்தக் கடன் விதி எந்த நூலிலும் இருக்காது. எங்கள் திண்ணையில் இருந்தது. குழிகள் சமமில்லாமல் போவது ஆட்டத்தின் விதி. எதிரே இருப்பவர் எழுந்து போய்விடாமல் பார்த்துக்கொள்வது வீட்டின் விதி என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

தனியாக ஆடும் ஆட்டம்

என் பாட்டனார் காலமான பின் ஆச்சி மதிய வேளைகளில் தனியாகவே பலகையை எடுத்து வைத்துக்கொள்வார். தனி ஆட்டத்துக்குச் 'சீதைப் பாண்டி' என்று பெயர். அசோகவனத்தில் சீதை தனித்திருந்தபோது ஆடியது என்பது வழிவழிக் கதை.

அவர் ஆடியது இப்படி. ஒரு வரிசை ஏழு குழிகள் மட்டும். அவற்றில் முறையே 7, 6, 5, 4, 3, 2, 1 என்று முத்துகள். மொத்தம் இருபத்தெட்டு. ஏழு உள்ள குழியை அள்ளி அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாக இட்டு, கடைசி முத்தைத் தொடங்கிய குழியிலேயே இட வேண்டும். இப்போது வரிசை 1, 7, 6, 5, 4, 3, 2 என்று ஆகியிருக்கும். மறுபடி ஏழு உள்ள குழியை அள்ளி, வரிசை முடிந்தால் தொடக்கத்துக்கு வந்து இட வேண்டும். 2, 1, 7, 6, 5, 4, 3 என்று ஆகும். இப்படி ஏழு முறை ஆடினால், தொடங்கிய 7, 6, 5, 4, 3, 2, 1 என்ற நிலைக்கே வந்து நிற்கும். தவறாமல் ஆடினால் எப்போதும் அப்படியே வரும். வராவிட்டால் எங்கோ எண்ணிக்கை பிசகியது என்று பொருள்.

வீட்டில் இருபத்தெட்டுப் புளியங்கொட்டையோ பயறோ வைத்துக் குழந்தைகளுடன் செய்து பாருங்கள். ஏழுக்குப் பதில் ஐந்து குழியில் 5, 4, 3, 2, 1 என்று வைத்தாலும் ஐந்து ஆட்டத்தில் திரும்பி வரும். ஏன் என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழியும் ஒன்று கூடுகிறது. நிறைந்த குழி மட்டும் ஒன்றாகக் குறைகிறது. அவ்வளவுதான் இரகசியம்.

இவ்வளவு தெரிந்த எனக்கு, ஆச்சி ஆடிய இன்னொரு தனி ஆட்டம் தெரியாது. அதில் இரண்டு வரிசைகளையும் பயன்படுத்துவார். நடுக் குழிகளைத் தொடமாட்டார். பதினைந்து வயதில் அது பெண்பிள்ளைகள் ஆட்டம் என்று கூச்சப்பட்டு நான் பலகைப் பக்கமே போகவில்லை. பிறகு வேலை, குடும்பம். கேட்க நினைத்தபோது ஆச்சி இல்லை. பெரியப்பா மகளிடம் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. அந்த ஆட்டம் அவரோடு போய்விட்டது. பலகை மரத்தால் ஆனது. நூறு ஆண்டு இருக்கும். விதிகள் மனிதர் வாயில் மட்டுமே இருந்தன.

சங்கப் பாடலில் ஒரு முட்டை

பலகை ஆட்டங்கள் தமிழருக்கு எவ்வளவு பழையவை? தொல்காப்பியத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 'வல்' என்பது பழந்தமிழரின் சூதாட்ட வகை. அதன் காய்க்கு 'நாய்' என்று பெயர். எழுத்ததிகாரத்தில், வல் என்னும் சொல்லோடு நாய், பலகை என்னும் சொற்கள் சேரும்போது எப்படிப் புணரும் என்று தொல்காப்பியர் தனியாகவே விதி கூறுகிறார். 'வல்லப் பலகை' என்று ஆகும் என்பர் உரையாசிரியர். இலக்கண நூலில் தனி விதி வேண்டியிருக்கும் அளவுக்கு அந்தப் பலகை மக்கள் வாயில் வழங்கியிருக்கிறது.

நற்றிணையின் மூன்றாம் பாடலில் இளங்கீரனார் ஒரு காட்சியைக் காட்டுகிறார். பாலை வழியில் வேப்ப மரத்துப் புள்ளி நிழல். பள்ளி செல்லாச் சிறுவர்கள் பொன் உரைக்கும் கட்டளைக்கல் போன்ற அரங்கைத் தரையில் கீறி, நெல்லிக்காயை வட்டாக வைத்து ஆடுகிறார்கள். பொருள் தேடி ஊரைவிட்டுப் போகும் ஒருவன் வழியில் காணும் காட்சி இது. வெளிநாடு சென்ற நம்மவர்க்கு அந்தப் பாடல் புரியாமல் போகாது.

புறநானூற்றின் 52ஆம் பாடலில் மருதன் இளநாகனார் பகைவர் நாட்டில் பாழ்பட்ட ஓர் ஊர்மன்றத்தைப் பாடுகிறார். முன்பு அங்கே நரைத்த முதியவர்கள் அமர்ந்து வல்லாடினார்கள். காய்களை வைத்து வைத்து அந்த இடமே குழிந்துபோயிற்று. இப்போது முதியவர்களும் இல்லை, ஆட்டமும் இல்லை. அந்தக் குழிவில் காட்டுக்கோழி முட்டையிட்டிருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. 'முட்டை வைக்கிற தட்டா?' என்று என் பேத்தி கேட்டாளே! ஆடுவோர் இல்லாத ஆட்டக் குழிக்கு வேறென்ன பயன் என்று அந்தப் புலவரும் கண்டிருக்கிறார். வல்லும் பல்லாங்குழியும் வேறுவேறு ஆட்டங்கள். ஆனால் ஆடுவோர் அற்றுப்போன இடத்தின் வெறுமை ஒன்றுதான்.

மதுரைக்கு அருகே கீழடியில் நடந்த அகழாய்வில் பகடைக் காய்களும் சுடுமண் ஆட்டக் காய்களும் கிடைத்துள்ளன என்பதையும் வாசகர்கள் அறிவார்கள்.

கடல் வழியே உறவினர்

பல்லாங்குழியைப் போன்ற குழி ஆட்டங்களை உலக அறிஞர்கள் 'மன்கலா' என்ற பொதுப்பெயரால் குறிக்கிறார்கள். இடம் பெயர்த்தல் என்னும் பொருள் தரும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. மேற்கு ஆப்பிரிக்காவில் 'ஓவாரே', கிழக்கு ஆப்பிரிக்காவில் 'பாவோ', எத்தியோப்பியாவில் 'கெபெட்டா', மாலத்தீவில் 'ஓவளுகொண்டி', இலங்கையில் சிங்களவர் புத்தாண்டின்போது ஆடும் 'ஒலிந்த கெளிய', மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'சொங்காக்', சாவகத்தில் 'டக்கோன்', பிலிப்பைன்சில் 'சுங்கா'. இவை யாவும் ஒரே குடும்பம். ஒலிந்த என்பது நம் குன்றிமணிதான்.

மலேசிய, சிங்கப்பூர் வாசகர்கள் சொங்காக் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அதில் இரு முனைகளிலும் பெரிய குழி ஒன்று உண்டு. சுற்றி வரும்போதே ஆடுபவர் தம் பெருங்குழியில் ஒரு முத்தைச் சேமித்துக்கொண்டே போவார். நம் பல்லாங்குழியில் அந்தச் சேமிப்புக் குழி ஆட்டத்தில் சேராது. உங்கள் பிள்ளைகள் பள்ளியில் மலாய்த் தோழர்களோடு சொங்காக் ஆடினால், 'இது எங்கள் வீட்டிலும் உண்டு' என்று சொல்லச் சொல்லுங்கள்.

இப்பெயர்களை நிலப்படத்தில் குறித்துப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை இந்தியப் பெருங்கடலைச் சுற்றிய கரைகளில் அமைவதைக் காணலாம். காற்றையும் நீரோட்டத்தையும் நம்பிப் பாய்மரக் கப்பல்கள் போய்வந்த கரைகள் அவை. எங்கள் பூவாருக்குச் சற்று வடக்கே உள்ள விழிஞ்ஞம் ஆய் மன்னர் காலத்திலேயே பெயர் பெற்ற துறைமுகம். அதே விழிஞ்ஞத்தில் 2025 மே 2ஆம் நாள் புதிய பன்னாட்டுத் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கரையில் நின்று அப்பெருங்கப்பல்களைப் பார்க்கும்போது, பருவக்காற்றுக்காக மாதக்கணக்கில் துறையில் காத்திருந்த பழைய மாலுமிகளை நினைத்துக்கொள்வேன். மடியில் முடிந்து வைத்த சோழிகளும், மணலில் தோண்டிய குழிகளும் அவர்களுக்குப் போதுமாயிருந்திருக்கும்.

மற்ற ஆட்டங்கள்

பல்லாங்குழி மட்டுமன்று, இன்று கடையில் விலைக்கு வாங்கும் பல ஆட்டங்களின் தாய்வீடு நம் நாடுதான். 'லூடோ' 1896ஆம் ஆண்டு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது. அது நம் பச்சீசியின் வழி வந்தது. பேரரசர் அக்பர் பத்தேப்பூர் சிக்ரி அரண்மனை முற்றத்தில் பச்சீசிக்குக் கல்லிலேயே பெருங்கட்டம் அமைத்தார் என்பர். நம் வீட்டுத் தாயக்கட்டை இரண்டும் நீண்ட நாற்பக்கக் கட்டைகள். ஒரு பக்கம் வெறுமை. மற்றவை ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பூச்சியம் அன்று, பன்னிரண்டு! ஒன்றுமில்லாததுதான் மிகப் பெரிய எண் என்று வைத்த முன்னோரின் குறும்பைப் பாருங்கள்.

'பாம்பும் ஏணியும்' நம் பரமபத சோபான படத்தின் உறவு. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க ஆடுவது வழக்கம். நம் படத்தில் ஏணிக்கு ஒரு நற்குணத்தின் பெயரும், பாம்புக்கு ஒரு தீக்குணத்தின் பெயரும் இருக்கும். மேனாட்டுக்குப் போனதும் பெயர்கள் மெல்ல உதிர்ந்து, பாம்பும் ஏணியும் மட்டும் மிஞ்சின.

ஆடு புலி ஆட்டத்துக்கு மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்துமூன்று புள்ளிகள். புலி தாவி வெட்டும். ஆடுகள் சூழ்ந்து புலியை நகரவிடாமல் அடைத்தால் வெற்றி. வலியவனை எளியவர்கள் கூடி மடக்கும் இந்த ஆட்டத்தின் கோடுகளை நம் கோயில் மண்டபத் தரைகளில் இன்றும் காணலாம்.

புதிய பலகை

பேத்தி விடுமுறை முடிந்து புறப்படும்போது பலகையைக் கேட்டாள். கொடுக்க மனமில்லை, மறுக்கவும் மனமில்லை. ஆகவே அதைப் போலவே இன்னொன்று செய்யச் சொல்லி எங்கள் ஊர் ஆசாரியிடம் போனேன். கதவும் கட்டிலும் செய்து பழகியவர். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுபோல ஒண்ணு என் அப்பா செஞ்சு பார்த்திருக்கேன். நான் செஞ்சதில்லை" என்றார். வளைந்த உளி ஒன்றைத் தேடிப் பிடித்து நான்கு நாளில் செய்து முடித்தார். குழிகளின் உட்புறம் கரகரப்பாக இருக்கிறதே என்றேன். "அதை நான் செய்ய முடியாது, பிள்ளைகள் விரலால்தான் ஆகணும்" என்றார்.

அந்தக் கரகரப்பான பலகை இப்போது வளைகுடாவில் இருக்கிறது. பழையது என் மேசையில். வெள்ளிக்கிழமைகளில் பேத்தி காணொளி அழைப்பில் வருவாள். அவள் அங்கே முத்து இட, நான் இங்கே அதே போல் இட, இரண்டு பலகைகளிலும் ஒரே ஆட்டம் நடக்கும். ஓர் ஒப்பந்தம் உண்டு: முத்துகளைத் தமிழில்தான் எண்ண வேண்டும். முதல் வாரம் பத்துக்கு மேல் தடுமாறினாள். இப்போது முப்பத்தேழு, நாற்பத்தொன்பது என்று தங்குதடையின்றிச் சொல்கிறாள். சென்ற வாரம் என் பசுவை நான் கவனிக்கவில்லை. "தாத்தா, பசு ஓடிப்போச்சு!" என்று சிரித்தாள். என் ஆச்சியை அவள் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சொல் அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பலகை இல்லையே என்று தயங்க வேண்டாம். முட்டை அட்டையே போதும். பதினான்கு குழிகளாக வெட்டிக்கொள்ளுங்கள். என் பேத்தி முதலில் சொன்னதும் அதுதானே! புளியங்கொட்டை எந்த நாட்டு இந்தியக் கடையிலும் புளியோடு கிடைக்கும். ஊரிலிருக்கும் பெரியவர்களைத் தொலைபேசியில் அழைத்து, உங்கள் வீட்டு விதி என்ன என்று கேட்டு எழுதி வையுங்கள். குறிப்பாகப் பாட்டிமார் தனியே ஆடிய ஆட்டங்களைக் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டதைப் போல விட்டுவிடாதீர்கள்.

நடுக் குழிகளைத் தொடாமல் இரண்டு வரிசைகளிலும் தனியே ஆடும் ஆட்டம் உங்களில் யாருக்கேனும் தெரிந்திருந்தால், இந்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள். எழுபது வயதைக் கடந்துவிட்டேன். எழுபது முத்துகளோடு காத்திருக்கிறேன்.